பழைய வள்ள எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய எஞ்சினை விற்கிறவர் முதலில் காட்டுவது, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதைத்தான். இரண்டு இழுப்பில் பிடித்துக்கொண்டால் நம் மனசு பாதி விழுந்துவிடும். ஆனால் ஸ்டார்ட் ஆகிறது என்றால், பிளக்கில் பொறி வருகிறது, கார்புரேட்டர் அடைக்கவில்லை என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் அர்த்தமில்லை. இவை இரண்டும் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியவை. கடலில் நம்மைத் தவிக்கவிடுவது பெரும்பாலும் வேறு இடங்கள்: தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் கியர் பாக்ஸ், உப்பு படிந்து அடைந்துபோன கூலிங் தண்ணீர்ப் பாதை, துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகள். இந்த இடங்களைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் பழைய எஞ்சின் வாங்குவதில் பயமில்லை. தெரியாமல் வாங்கினால், மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் ரிப்பேர் விழுங்கிவிடும்.

நாங்கள் குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர். எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் வள்ளம். அதில் ஓடிக்கொண்டிருந்த 9.9 ஹெச்.பி. மண்ணெண்ணெய் எஞ்சினில் கிராங்க் போய்விட்டது. பிளாக்கும் ஏற்கெனவே தேய்ந்திருந்ததால் அதற்கு மேல் செலவு செய்வதில் பிரயோஜனம் இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது மே மாதம். எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்களுக்கு மேற்குக் கணக்கு. அந்த 61 நாளும் விசைப்படகு மீன் கரைக்கு வராது. தடை இல்லாத வள்ளங்களுக்குக் கடல் கொஞ்சம் அடங்கும் நாளெல்லாம் நல்ல விலை கிடைக்கும். அந்த நேரத்தில் வள்ளத்தைக் கரையில் போட்டு வைத்தால் வருடம் முழுக்க அதன் அடி தெரியும்.

புது எஞ்சின் யோசிக்காமல் இல்லை. மீன்வளத் துறையின் மானியத் திட்டம் இருக்கிறது, சங்கத்தில் கடனும் கிடைக்கும். கையில் ஓடுகிற எஞ்சின் இருந்து, ஒரு வருடம் கழித்து மாற்றலாம் என்கிறவர்களுக்கு அதுதான் சரியான வழி என்று இப்போதும் சொல்வேன். எங்களுக்கு ஜூனுக்குள் வேண்டும். அதனால் பழையது தேடினோம். துணைக்கு வந்தவர் எங்கள் ஊர் மாமா ஒருவர். அவுட்போர்ட் எஞ்சின் (வள்ளத்தின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் கை கறுக்க வேலை பார்த்தவர். கீழே நான் சொல்லப்போவதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது, மீதி அவர் பக்கத்தில் நின்று பார்த்தது.

பார்த்த எஞ்சின்களில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் எஞ்சின் பார்க்கப் பளபளவென்று இருந்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், எங்களுக்கு வேண்டிய அதே 9.9. வீட்டு முற்றத்தில் மரச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் உட்காரும் முன்பே மாமா நேராகப் போய், மூடியைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன் ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் யார் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகும். விடிகாலை குளிரில், ஈரக் காற்றில் ஆகுமா என்பது அதில் தெரியாது. “எஞ்சின் ஆறட்டும், நாங்க டீ குடிச்சிட்டு வாறோம் அண்ணே” என்று மாமா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. போவதற்கு முன் போனிலேயே, எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

திரும்பி வந்தபோதும் எஞ்சின் நன்றாகவே ஸ்டார்ட் ஆனது, பழுது சொல்ல முடியாது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்த்தோம். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை பாடியில் தொடும்படி வைத்து (இல்லாவிட்டால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட் கெட வாய்ப்பு உண்டு), ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, பிளக் ஓட்டையில் மீட்டரை மாட்டிக் கயிற்றை நன்றாக இழுக்க வேண்டும். முள் மேலே ஏறி நிற்கும் வரை நாலைந்து தடவை. மண்ணெண்ணெய் எஞ்சினில் கம்ப்ரஷன் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். அதனால் எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கலாம். அதைத் தாண்டினால் ஒன்றில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கிறது, அல்லது சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கிறது. இந்த எஞ்சினில் இரண்டும் ஏறக்குறைய சமம். தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமா கியர் பாக்ஸுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்து, அடி ஸ்க்ரூவைத் தளர்த்தினார். முழுக்க வடிக்கத் தேவையில்லை, கொஞ்சம் வந்தால் போதும். ஓடாமல் நின்ற எஞ்சினில் தண்ணீர் புகுந்திருந்தால் அது எண்ணெய்க்கு அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். ஓட்டிக் கலக்கிய எஞ்சின் என்றால் எண்ணெயே நிறம் மாறி வரும். எங்களுக்கு வந்தது பால் ஊற்றிய காபி நிறம். சீல் போய் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மட்டும் என்றால் மாற்றிவிடலாம். உப்புத் தண்ணீரில் எவ்வளவு நாள் ஓடியது, பேரிங்கும் பல் சக்கரமும் என்ன கதியில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. மாமா ஸ்க்ரூ நுனியில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி மெல்லிய கருப்புப் பசை எல்லா எஞ்சினிலும் இருக்கும், அது தேய்மானம். இதில் நகக்கண்ணில் குத்தும் துணுக்குகள் இருந்தன. பல் உடைய ஆரம்பித்துவிட்டது.

அதோடு விட்டிருப்போம். ஆனால் தம்பி இன்னொன்றையும் கவனித்தான். வள்ளத்தில் மாட்டும் பிராக்கெட்டில் நம்பர் பிளேட் இருக்கும். அந்த இடத்தில் பிளேட் இல்லை, ரிவெட் ஓட்டைகள் மட்டும் பெயிண்டுக்குள் தெரிந்தன. யமஹா போன்ற பல எஞ்சின்களில் பிளாக்கிலும் ஒரு வட்டத் தகட்டில் அதே நம்பரை அடித்திருப்பார்கள். அந்தத் தகட்டை அரம் போட்டு ராவியிருந்தார்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நம்பர் இல்லாத எஞ்சினை யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடவே கூடாது. யாரோ ஒருவன் விடிகாலையில் கடற்கரைக்கு வந்து, வெறும் வள்ளத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்ட எஞ்சினாக அது இருக்கலாம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். அது தவிர, நம் படகுப் பதிவில் எஞ்சின் விவரமும் ஏறும். இப்போது நாடு முழுக்க மீன்பிடிப் படகுகளை ரியல்கிராஃப்ட் என்ற இணையப் பதிவில்தான் பதிகிறார்கள். எஞ்சின் மாறினால் அதைச் சொல்லி மாற்ற வேண்டும். ராவிய நம்பரை எங்கே போய் எழுதுவது?

இரண்டாவது எஞ்சின் பூவாறு பக்கம், காயலில் சுற்றுலாப் படகில் ஓடியது. ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோல். உண்மையில் மிக நல்ல எஞ்சின். அதிகம் உப்பு பார்க்காததால் போல்ட்டெல்லாம் புதிதாக இருந்தன, சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கூடுதலாக எஞ்சின் ஆயிலையும் டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டும்; வெளுத்திருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ விட்டுவிடலாம். இதில் அதுவும் சுத்தம். ஆனால் ஷாஃப்ட் நீளம் எங்களுக்குப் பொருந்தவில்லை. அவுட்போர்ட் எஞ்சின்கள் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று வரும். எங்கள் வள்ளத்தின் பின்பலகைக்கு 20 வேண்டும். இது 15. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றைக் குடிக்கும். எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது, கூலிங் தண்ணீரும் அறுந்து அறுந்து போகும். காயலில் அது தெரியாது, எங்கள் கடலில் கரை தாண்டும் முன்பே தெரிந்துவிடும். பலகையை வெட்டித் தாழ்த்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பின்பலகையைத் தாழ்த்தினால் பின்னாலிருந்து வரும் அலை நேரே உள்ளே இறங்கும். எஞ்சினுக்காக வள்ளத்தை வெட்டுவது எந்தக் காலத்திலும் கூடாது. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள், பலகை உயரத்தை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலா மண்ணெண்ணெயா என்பதையும் அதே இடத்தில் பேசி முடிவு செய்தோம். பெட்ரோல் எஞ்சின் சுத்தம், ஆயுசு அதிகம். ஆனால் தினசரிச் செலவு யார் தாங்குவது? மானிய மண்ணெண்ணெய் கிடைக்கும் வரை எங்கள் பக்கத்து வள்ளங்கள் மண்ணெண்ணெயை விடப்போவதில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்குகிறவர்கள் அதன் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது, அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகும். அவசரக்காரர்கள் கரை தெரிந்ததும் அப்படியே மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிடுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரி படியும். கரி ரிங்கை ஒட்டவைக்கும். பிளக் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் எவ்வளவு கரி என்று தெரியும். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அப்பளமாகப் பெயர்ந்து வருகிற அளவுக்கு இருந்தால் யோசிக்க வேண்டும். போர் எடுத்த எஞ்சினா, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியதா என்றும் கேளுங்கள். எடுத்திருந்தால் எந்த சைஸ் பிஸ்டன்? பெரும்பாலான எஞ்சின்களுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று இரண்டு ஓவர்சைஸ்தான் கடையில் கிடைக்கும். 0.50 போட்டாகிவிட்டது என்றால் அந்த பிளாக்கை மறுபடி கடைந்து தேற்றுவது கஷ்டம்.

மூன்றாவதை முட்டம் பக்கம் ஒரு பெரியவரிடம் பார்த்தோம். மகன்கள் விசைப்படகுக்குப் போய்விட்டார்கள், அவருக்கும் கடலுக்குப் போக முடியவில்லை. எஞ்சின் பார்க்க லட்சணமாக இல்லை. மூடியில் விரிசல், அதில் ஃபைபர் பூசி ஒட்டியிருந்தார்கள். பெயிண்ட் வெளிறி, பெயர் பாதி அழிந்திருந்தது. நம்பர் பிளேட் மட்டும் தெளிவாக இருந்தது. பில்லும் வைத்திருந்தார், பழைய பிளாஸ்டிக் கவரில் மடித்து. பில்லில் இருந்த நம்பரும் பிளேட் நம்பரும் ஒன்று.

மாமா குந்தி உட்கார்ந்து கீழிருந்து மேலே பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அவர் செய்த வரிசை பிடித்திருந்தது, நானும் இப்போது யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் பார்க்கிறேன். முதலில் ஜிங்க் கட்டி. உப்புத் தண்ணீரில் அலுமினியத்தை அரிக்க வேண்டிய அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் கட்டியை வைத்திருக்கிறார்கள். அது கரைந்து பாதியாகியிருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது. எஞ்சின் பழசாக இருந்து கட்டி மட்டும் முழுசாக இருந்தால், இப்போதுதான் மாற்றியிருக்க வேண்டும், அல்லது அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த ஜிங்க் வேலை செய்யாது. அப்படிப்பட்ட எஞ்சினில் கியர் பாக்ஸ் உடம்பே பொரிந்து போயிருக்கும். பெயிண்ட் கொப்பளித்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டினால் வெள்ளைப் பொடி கொட்டும். இவருடைய கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது, பக்கத்து உடம்பு கெட்டியாக இருந்தது.

அடுத்து அடியில் இருக்கும் துடுப்புப் போன்ற பாகம். எங்கள் கடலில் பாறைக்குக் குறைவில்லை, அடி வாங்காத எஞ்சின் அபூர்வம். முனை தேய்ந்திருப்பது ஒன்றுமில்லை. வெல்டிங் வைத்து மேலே புது பெயிண்ட் அடித்திருந்தால், அந்த அடி ஷாஃப்ட் வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலில் வைத்து புரொப்பல்லரைக் கையால் சுற்றி, ஷாஃப்ட் நுனியையே பாருங்கள். ஒரே இடத்தில் நின்று சுற்ற வேண்டும். வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. வளைந்த ஷாஃப்ட் எத்தனை சீல் மாற்றினாலும் தின்றுகொண்டே இருக்கும்.

இவர் எஞ்சினில் ஷாஃப்ட் நேராக இருந்தது. ஆனால் புரொப்பல்லரைக் கழற்றியதும், உள்ளே ஷாஃப்டைச் சுற்றித் தங்கூசி (நைலான் நரம்பு). பல சுற்று, இறுகி, ஷாஃப்ட் சூட்டில் உருகி ஒட்டியிருந்தது. மாமா கத்தி நுனியால் நெம்பி எடுத்தார். அதற்குப் பின்னால் ஆயில் சீலின் உதடு அறுந்து பிசிறாக நின்றது. வலை விடும் கடலில் ஓடுகிற எந்த எஞ்சினிலும் இது நடக்கும். புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்காமல் யாரும் பழைய எஞ்சின் வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். எண்ணெய் எடுத்துப் பார்த்தோம். முதலில் நாலு சொட்டு தண்ணீர் வந்தது, அப்புறம் வந்த எண்ணெய் கொஞ்சம் மங்கல், ஆனால் காபி நிறம் ஆகவில்லை. ஸ்க்ரூவில் பசை மட்டும், துணுக்கு இல்லை. சீல் போய் அதிக நாள் ஆகவில்லை.

பெரியவர் முகம் வாடிவிட்டது. “எனக்குத் தெரியாது மக்கா, போன மாசம் வரைக்கும் ஓடினது” என்றார். மாமா சிரித்துக்கொண்டே, “இது உங்க மேல குத்தமில்ல அண்ணே. நல்ல காலம், இப்பவே கண்ணுல பட்டுச்சு” என்றார்.

மேலே வந்தோம். கம்ப்ரஷன் ஒன்றில் 95, மற்றதில் 90. ஹெட்டில் பெயிண்ட் கருகவில்லை, அதிகம் சூடேறியதில்லை. ஹெட் காஸ்கெட் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தால் அங்கே தண்ணீர் கசிகிறது என்று பொருள், அதுவும் இல்லை. ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை. ஃப்ளைவீலுக்கு அடியிலும் வயர் முனைகளிலும் டார்ச் அடித்தார். அங்கே மண்ணோ, பச்சை பூத்த செம்போ இருந்தால் எஞ்சின் ஒரு முறை கடலில் முங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் எஞ்சின் வாங்கியதில்லை. முங்கிய எஞ்சினை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, சில மணி நேரத்துக்குள் ஓடவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அப்படியே இரண்டு நாள் கிடந்தால் பேரிங்கில் துரு பிடித்துவிடும். பிறகு ஓடினாலும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேரலில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அதில் எஞ்சினை இறக்கி ஸ்டார்ட் செய்தார். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் கூட ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், கூலிங் தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர் ரப்பர் அப்போதே கருகிவிடும். பின்னால் ஓட்டை வழியே வரும் தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்ச வேண்டும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. இவருடையதில் தண்ணீர் கொஞ்சம் மெலிந்து வந்தது. ஒரு கம்பியை விட்டு ஓட்டையைக் குத்தியதும் பலமாக வந்தது, உப்புக் கட்டி அடைத்திருக்கிறது. எனக்கு அந்த எஞ்சினைவிட அந்தப் பேரல் நம்பிக்கை கொடுத்தது. கடலிலிருந்து வந்து எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்து, நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறவர்கள் எத்தனை பேர்? எஞ்சின் வருடக் கணக்கில் பழசாவதில்லை, கழுவாமல் வைக்கும் இரவுகளில்தான் பழசாகிறது.

பேரலில் ஓடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பேரலில் எஞ்சினுக்குப் பாரமே இல்லை. மறுநாள் காலை எங்கள் வள்ளத்திலேயே மாட்டி, வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி, பெரியவரையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனோம். கிளம்பும் முன் மாமா புரொப்பல்லர் நடுக் குடத்தின் குறுக்கே, உள் உலோகத்திலிருந்து வெளி உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டார். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கிறது. அது வழுக்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வள்ளம் இழுக்காது. திரும்பி வந்ததும் கோடு நேராக இருந்தால் புஷ் பிடிக்கிறது, விலகியிருந்தால் வழுக்குகிறது. இவ்வளவு எளிதான சோதனையை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

கடலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம். கியர் போடும்போது சட்டென்று ஒரே தட்டில் விழ வேண்டும். முழு வேகத்தில் பாரத்தோடு போகும்போது கியர் தானாகத் தெறிக்கக் கூடாது. தெறித்தால் உள்ளே கியர் பிடிக்கும் பற்களின் ஓரம் மழுங்கியிருக்கிறது, அது பெரிய செலவு. பிறகு, முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டி, சத்தம் மாறுகிறதா, தண்ணீர் பீய்ச்சுவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்தி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக வந்தது. திரும்பும்போது கரை தெரிந்ததும், நாங்கள் யாரும் சொல்லாமலே, பெரியவர் கையை நீட்டி மண்ணெண்ணெயை மூடி பெட்ரோலைத் திறந்தார். பேச்சு நடுவில், யோசிக்காமல் செய்தார். மாமா என்னைப் பார்த்தார். அந்த எஞ்சினை வாங்குவது என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

கரைக்கு வந்து கியர் எண்ணெயை மறுபடி கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். விற்பவர் புது எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் முதல் சோதனையில் ஒன்றும் தெரியாது, ஓடிய பிறகு எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். புரொப்பல்லர் கோடு நேராகவே இருந்தது.

அவர் கேட்டது 58,000. நாங்கள் தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கு எழுதினோம்: ஆயில் சீல்கள், இம்பெல்லர் செட், பிளக், கியர் எண்ணெய், ஜிங்க், எரிபொருள் ஹோஸும் அதில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பும், கழற்றி மாட்டும் கூலி. எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் சொச்சம் வந்தது. பெரியவரிடம் தாளைக் காட்டினோம். பேரம் என்று இழுக்க மனசு வரவில்லை, அவர் எஞ்சினை வைத்திருந்த விதம் அப்படி. 50,000-க்கு முடிந்தது. சீல் போன எஞ்சினை ஏன் வாங்கினாய் என்று பிறகு சிலர் கேட்டார்கள். சீல் போயிருக்கிறது என்று தெரிந்துதானே வாங்கினேன், அதற்கான பணத்தைக் கழித்தும்விட்டேன். ஒரு குறையும் கண்ணில் படாத பழைய எஞ்சின் என்றால், இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

உதிரி பாகம் கிடைக்கிற எஞ்சினா என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவு முக்கியம். எங்கள் கடற்கரையில் யமஹாவும் சுசுகியும்தான் அதிகம், கடையிலும் சாமான் உண்டு, மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸ் போன்றவர்கள் நடத்தும் ஒர்க்‌ஷாப்புகளிலும் ஆள் உண்டு. வேறு பெயரில் ஒரு எஞ்சின் மலிவாக வந்தால், முதலில் பாகம் விற்கும் கடைக்கு போன் செய்து அதன் இம்பெல்லரும் ஆயில் சீலும் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரும் புகழும் மட்டும் போதாது. ஓல் எவின்ரூட் 1909-ல் தொடங்கிய எவின்ரூட் அவுட்போர்ட் உலகத்துக்கே தெரிந்த பெயர். 2020-ல் அதைத் தயாரித்த கனடா நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் இருப்பவருக்குப் பாகம் தேடிக் கிடைக்கலாம், குளச்சலில் இருப்பவர் என்ன செய்வார்?

எழுத்து வேலையைச் சோம்பாதீர்கள். பத்திரத்தில் மாடல், ஹெச்.பி., நம்பர், தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பழைய பில்லையும் அவருடைய ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டோம். நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து வைத்தோம். அடுத்த வாரமே மீன்வளத் துறை அலுவலகத்தில் எஞ்சின் மாற்றத்தைச் சொல்லிப் பதிவைத் திருத்தினோம். மானிய மண்ணெண்ணெய் வாங்கவும், நாளைக்கு ஏதாவது ஆகி நிவாரணம் கேட்கவும் பதிவுதான் பேசும்.

வாங்கிய கையோடு கடலுக்குக் கொண்டுபோகவில்லை. சீல், இம்பெல்லர், பிளக் மூன்றையும் மாற்றினோம். இம்பெல்லர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் பழைய ரப்பரை நம்ப வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி உப்பைச் சுரண்டினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவி மாட்டினோம், அடுத்த முறை கழற்றுகிறவன் நம்மை வாழ்த்தட்டும். எஞ்சின் கிளாம்ப் இரண்டையும் இறுக்கிய பிறகு, ஒரு நைலான் கயிற்றை எஞ்சின் பிராக்கெட்டில் கோர்த்து வள்ளத்தின் வளையத்தில் கட்டினோம். அதிர்வில் கிளாம்ப் தளர்ந்து எஞ்சின் கடலுக்குள் போன கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. வள்ளத்தில் ஒரு டப்பாவில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு ஒன்று, புரொப்பல்லர் நட்டும் பின்னும், குறடு, தண்ணீர் ஓட்டையைக் குத்த ஒரு கம்பி. புரொப்பல்லரைக் கழற்றித் தங்கூசி பார்ப்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு, தம்பியின் வேலை.